ஒளியாண்டுகளை வாரக்கணக்கில் கடந்தவர்கள்

மே மாதத்துத் தெளிந்த இரவில், பத்து மணி வாக்கில், திருவொற்றியூர்க் கடற்கரையில் நின்று வடகிழக்கே பாருங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே நான்கு விண்மீன்கள் ஒரு சரிவகமாகத் தெரியும். ஹெர்குலிஸ் விண்மீன் கூட்டத்தின் நடுப்பகுதி அது. அந்தச் சரிவகத்தின் மேல் பக்கக் கோட்டில் மங்கலான ஒரு வெண்புள்ளி இருக்கிறது. துறைமுக விளக்குகளும் ஆலை விளக்குகளும் வெளுக்க வைத்த நம் வானத்தில் அது வெறுங்கண்ணுக்கு அகப்படாது. சாதாரண பைனாகுலர் போதும்.

1714இல் எட்மண்ட் ஹாலி கண்டு சொன்ன புள்ளி அது. அரை நூற்றாண்டு கழித்து, பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியேயின் பட்டியலில் 13ஆவது இடம் பெற்றதால் எம்-13 என்று பெயர். ஒற்றைப் புள்ளியாகத் தெரிவது உண்மையில் சில லட்சம் விண்மீன்கள் நெருங்கித் திரண்ட கோளகக் கொத்து. தூரம் 22,000 முதல் 25,000 ஒளியாண்டு. இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி, மனிதர்கள் உழவு என்ற தொழிலையே அறியாத காலத்தில் அங்கிருந்து கிளம்பியது.

இந்தப் புள்ளியை நோக்கி மனிதர்கள் இரண்டு முறை குறி வைத்திருக்கிறார்கள். 1974 நவம்பர் 16 அன்று, பியூர்ட்டோ ரிக்கோ தீவின் அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியிலிருந்து 1,679 துணுக்குகள் கொண்ட செய்தி ஒன்றை இதை நோக்கி அனுப்பினார்கள். அனுப்பி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. போய்ச் சேர இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ஜெர்மானிய வார வெளியீடு அங்கே ஒரு பேரரசைக் குடியேற்றிவிட்டது. அந்தப் பேரரசின் பெயர் ஆர்க்கான். தொடரின் பெயர் ‘பெர்ரி ரோடன்’. 1961இல் தொடங்கிய அந்த விண்வெளிப் பெருங்கதை இன்றும் வாரந்தோறும் வந்துகொண்டிருக்கிறது.

மூவாயிரம் இதழ்களைக் கடந்த ஒரு கதையை மக்கள் ஏன் விடாமல் படிக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கான விடை வானத்தின் அளவில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நிலவில் தொடங்கிய கதை

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் நகரைக் கம்பி வேலியிட்டுப் பிரித்தார்கள். அதிலிருந்து நான்கு வாரத்துக்குள், செப்டம்பர் 8 அன்று, ‘பெர்ரி ரோடன்’ முதல் இதழ் ஜெர்மனியின் பத்திரிகைக் கடைகளுக்கு வந்தது. கே. எச். ஷேர், கிளார்க் டார்ல்டன் என்ற புனைபெயரில் எழுதிய வால்டர் எர்ன்ஸ்டிங் ஆகிய இருவரும் சேர்ந்து உருவாக்கிய தொடர். சில பத்து இதழ்களோடு முடித்துக்கொள்வதாகத்தான் திட்டம்.

கதைப்படி 1971இல் அமெரிக்க விமானி பெர்ரி ரோடன் தலைமையில் நால்வர் நிலவில் இறங்குகிறார்கள். அங்கே பழுதாகி நிற்கும் ஓர் அயல் விண்கலத்தைப் பார்க்கிறார்கள். அதில் வந்தவர்கள் ஆர்க்கான் இனத்தின் கிரெஸ்ட், தோரா. கிரெஸ்டுக்கு ரத்தப் புற்றுநோய். அவருக்கு உதவும் ரோடன், அவர்களின் அறிவியலோடு பூமிக்குத் திரும்புகிறார். அமெரிக்காவிடமும் ஒப்படைக்காமல் எதிரணியிடமும் ஒப்படைக்காமல் கோபி பாலைவனத்தில் இறங்கி, மூன்றாவது வல்லமை ஒன்றை உருவாக்குகிறார். அணுகுண்டுப் போர் தடுக்கப்படுகிறது. பிரிந்து கிடந்த நாடுகள் மெல்ல ஒரே மனித குலமாகின்றன.

தங்கள் பழைய தலைநகர் இரண்டாக வெட்டப்பட்ட ஒரு மாதத்துக்குள் ஜெர்மானியர்கள் இதைப் படித்தார்கள் என்பதை மனத்தில் வைத்துப் பாருங்கள். மேலே போகப் போக நாட்டின் எல்லைக்கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அந்த உயரத்தை வாரம் ஒரு முறை மலிவு விலையில் தந்தது அந்த மெல்லிய வெளியீடு.

தியாகராசர் கோயிலிலிருந்து பழவேற்காடு வரை

கதையின் பிடிப்பு புரிய வேண்டுமானால் தூரம் புரிய வேண்டும். நம் ஊரையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் உள்ள சுமார் 15 கோடி கிலோமீட்டரை ஒரே ஒரு கிலோமீட்டராகச் சுருக்கிவிடுவோம்.

திருவொற்றியூர் தியாகராசர் கோயில் வாசலில் சூரியன். அது ஒன்பது மீட்டருக்குச் சற்று மேல் விட்டம் கொண்ட உருண்டை. அங்கிருந்து வடக்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் பூமி. அதன் விட்டம் எட்டரை சென்டிமீட்டர். பூமியிலிருந்து இரண்டரை மீட்டரில் நிலவு. மனிதக் கால்கள் இதுவரை போன மிக அதிகத் தூரம் அந்த இரண்டரை மீட்டர்தான். எண்ணூர் வட்டாரத்தில், ஐந்து கிலோமீட்டர் தாண்டியதும் வியாழன். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்து ஒன்பதரை கிலோமீட்டரில் சனி. காட்டுப்பள்ளியைத் தாண்டிப் பத்தொன்பதில் யுரேனஸ். முப்பதாவது கிலோமீட்டரில், பழவேற்காட்டில், நெப்டியூன்.

இந்த அளவில் ஒளியின் வேகம் எவ்வளவு? நொடிக்கு இரண்டு மீட்டர். அதாவது மணிக்கு ஏழு கிலோமீட்டர். வேகமாக நடப்பவரின் நடை. பிரபஞ்சத்தில் எதுவும் மிஞ்ச முடியாத வேகம் இங்கே எட்டிப்போட்டு நடக்கும் ஒருவரின் வேகமாகிவிடுகிறது. கோயில் வாசலில் கிளம்பினால் பழவேற்காடு போய்ச் சேர நான்கு மணி நேரம்.

1977இல் புறப்பட்ட வாயேஜர்-1 இந்த அளவில் நாளொன்றுக்குப் பத்து மீட்டர் நகர்கிறது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு இடைவிடாமல் நகர்ந்து இப்போது சுமார் 170 கிலோமீட்டரில், நெல்லூரைத் தாண்டி நிற்கிறது. மனிதன் செய்த பொருள்களில் மிகத் தொலைவில் இருப்பது அதுதான்.

அடுத்த விண்மீன் எங்கே? பிராக்சிமா சென்டாரி இரண்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டரில் இருக்கிறது. சுருக்கிய அளவிலேயே இவ்வளவு தூரம். பூமியிலிருந்து உண்மையான நிலவுக்குப் போகும் வழியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். ஒளி இரவும் பகலும் நடந்தால் நான்கு ஆண்டு மூன்று மாதம். வாயேஜரின் வேகத்தில் எழுபத்தையாயிரம் ஆண்டு. எம்-13க்கு ஒளியே இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடக்க வேண்டும்.

பிராக்சிமாவுக்கு அனுப்பும் செய்தியின் பதிலை அனுப்பியவரே கேட்க வாய்ப்பு உண்டு. எம்-13க்கு அனுப்பும் செய்தியின் பதிலை அவருடைய ஆயிரமாவது தலைமுறைகூடக் கேட்காது. விண்வெளியின் உண்மையான தடை தூரத்தோடு நிற்பதில்லை. ஓர் ஆயுள் அதற்குப் போதாது என்பதே பெரிய தடை.

ஆசிரியர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு சலுகைகள்

ஷேரும் டார்ல்டனும் இயற்கையிடம் இரண்டு சலுகைகளை எடுத்துக்கொண்டார்கள். முதலாவது, ஒளியை மிஞ்சும் பயணம். ஐன்ஸ்டைன் 1905இல் தந்த சிறப்புச் சார்பியலின்படி, நிறையுள்ள எந்தப் பொருளையும் ஒளியின் வேகத்துக்குக் கொண்டுபோக முடியாது. நெருங்க நெருங்கத் தேவைப்படும் ஆற்றல் எல்லையின்றிப் பெருகும். தொடரின் ஆரம்ப இதழ்களில் கோள வடிவக் கப்பல்கள் வேறொரு வெளிக்குள் தாவி, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தள்ளி வெளிப்படும். ஆனால் அந்தத் தாவலுக்கு ஒரு விலை வைத்தார்கள். பயணிகளின் உடலை வலி உலுக்கும். தாவிய அதிர்வை மற்ற இனத்தவர் கருவிகளால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் பூமி எங்கே இருக்கிறது என்பதை மறைத்து வைப்பதே கதையின் முதல் பெரிய பரபரப்பாகிறது. பூமியை அழிக்க வரும் எதிரிகளை, திருவாதிரை விண்மீனைச் சுற்றும் ஒரு கோளையே பூமி என்று நம்ப வைக்கிறார் ரோடன். அவர்களும் அதைத் தாக்கி அழித்துவிட்டுப் போகிறார்கள்.

நிஜ இயற்பியலிலும் இந்தக் கேள்வி மூடப்படவில்லை. 1994இல் மிகேல் அல்குபியெரே என்ற மெக்சிகோ இயற்பியலாளர், கலத்தின் முன்னால் வெளியைச் சுருக்கிப் பின்னால் விரித்தால் கணக்கு இடம் தருகிறது என்று காட்டினார். அதற்கு எதிர்மறை ஆற்றல் பெருமளவில் வேண்டும். அப்படிச் சேர்த்துவைக்கும் வழி எதுவும் இன்றில்லை.

இரண்டாவது சலுகை, மூப்பின்மை. ரோடனுக்கும் சிலருக்கும் மட்டும் உயிரணுக்களைப் புதுப்பிக்கும் கருவி கிடைக்கிறது. 50ஆவது இதழில் கதை ஒரே தாவலில் அரை நூற்றாண்டைக் கடக்கிறது. அங்கே அட்லான் வருகிறான். அட்லாண்டிக் கடலடியில் பத்தாயிரம் ஆண்டு, அவ்வப்போது விழித்து, மனித வரலாற்றைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்க்கான் இளவரசன். வாசகர்கள் கொண்டாடிய பாத்திரம் அது.

இந்த மூப்பின்மையை ஆசிரியர்கள் வரமாக மட்டும் எழுதவில்லை. கருவி எல்லோருக்கும் கிடையாது. ரோடன் தன் மனைவியை இழக்கிறார்; தோழர்களை, பிள்ளைகளை இழக்கிறார். கதைக்குள் இதுவரை 3,600 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அவ்வளவு காலத்தையும் ஒரே மனிதரின் கண் வழியே பார்க்கும்போது நாகரிகங்கள் எழுவதும் மறைவதும் பாடநூல் செய்தியாக இருப்பதில்லை. தெரிந்தவர்கள் மறைகிறார்கள். ஒளியாண்டு என்ற எண்ணை மனம் உணரும் இடம் அதுதான்.

பல கைகள் எழுதும் கதை

வாசகர்களோ மூப்படைகிறார்கள். எழுதுபவர்களும் அப்படியே. தொடரின் மிக அழகான ஏற்பாடு இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு இதழுக்கும் கதைப்போக்கைத் தலைமைக் கதையாளர் விரிவாக வகுத்துக் கொடுப்பார். குழுவில் உள்ள எழுத்தாளர்கள் ஆளுக்கொரு இதழாக எடுத்து எழுதுவார்கள். போன வாரம் ஒருவர் விட்ட இடத்தில் இந்த வாரம் இன்னொருவர் தொடங்குவார். ஜானி ப்ரூக் என்ற ஓவியர் 1961 தொடங்கி 1995இல் இறக்கும் வரை அட்டைப்படங்களை வரைந்தார். கப்பல்களின் உட்புறத்தைப் பொறியியல் வரைபடமாக, தளம் தளமாகப் பிளந்து காட்டும் படங்கள் தனிப் பகுதியாக வந்தன. வாசகர்களே அவற்றை வரைந்து அனுப்பினார்கள்.

வில்லியம் ஃபோல்ட்ஸ் தொடரின் ரசிகராக இருந்து அதன் எழுத்தாளரானவர். எழுபதுகளின் நடுவில் தலைமைக் கதையாளரானார். ஆரம்ப இதழ்களில் போர்க்கப்பல் மிடுக்கும் ஆதிக்க வெறியும் மிகுந்திருக்கின்றன என்று அந்நாளில் ஜெர்மனியில் கடுமையான விமர்சனம் இருந்தது. அதில் நியாயம் இருந்தது. ஃபோல்ட்ஸ் கதையைப் போரிலிருந்து விலக்கி, பிரபஞ்சத்தில் அறிவுக்கும் உயிருக்கும் என்ன பொருள் என்ற கேள்விக்குத் திருப்பினார். 1984இல் 46 வயதில் இறந்தார். ஷேர் 1991இலும் எர்ன்ஸ்டிங் 2005இலும் மறைந்தார்கள். 2019 பிப்ரவரியில் 3000ஆவது இதழ் வந்தபோது தொடங்கிய இருவரும் இல்லை. கதை நிற்கவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்தச் சுவை அந்நியம் இல்லை. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வந்த வாரங்களில் இதழுக்காகக் காத்திருந்த வீடுகள் எத்தனை! 1954 டிசம்பரில் கல்கி மறைந்தபோது அவருடைய ‘அமரதாரா’ பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை முடித்தார். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸை அரைக்கால்சட்டைப் பருவத்தில் வாங்கியவர்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு அந்தப் பக்கங்களைப் புரட்டுகிறார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கும், ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கும் கதை போகும் வழியை நாம் அறிவோம்.

கொடைக்கானலின் தொடர்

தமிழ்நாட்டில் இன்னொரு நெடுந்தொடரும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் நாயகன் சூரியன்.

1792இல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானாய்வகம் எழுந்தது. 1861 ஏப்ரல் 17 அன்று அங்கிருந்து நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது. அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார். அதே வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். 1899இல் பணி கொடைக்கானல் மலைக்கு நகர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலிருந்து, மேகம் விட்ட நாளெல்லாம் அங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். நூறாண்டைத் தாண்டிய அந்தப் படத்தொகுப்பை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்ணிம வடிவுக்கு மாற்றியிருக்கிறது.

இவ்வளவு நீளம் எதற்கு? சூரியப் புள்ளிகள் பெருகிக் குறையும் ஒரு சுற்றுக்குப் பதினோரு ஆண்டு ஆகும். முப்பது ஆண்டு பணியாற்றும் ஒருவர் மூன்று சுற்றுகளைக்கூட முழுதாகப் பார்க்க மாட்டார். ஒரு சுற்று ஏன் வலுவாக இருக்கிறது, இன்னொன்று ஏன் மெலிகிறது என்று கேட்க வேண்டுமானால் பத்துச் சுற்றுகளாவது வேண்டும். எனவே ஒருவர் எடுத்த படத்தை அடுத்தவரின் படத்தோடு, அவருடையதை அதற்கடுத்தவரின் படத்தோடு கோக்க வேண்டியிருக்கிறது. 1920இல் ஒரு காலைப்பொழுதில் கண்ணாடித் தகட்டில் சூரியனைப் பதித்தவருக்குத் தன் படம் என்ன கேள்விக்கு விடையாகும் என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் ஒழுங்காகப் பதித்து, தேதி எழுதி வைத்தார்.

எம்-13 போன்ற கொத்துகளைப் புரிந்துகொண்டதிலும் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. மெட்ராஸ் மாநிலக் கல்லூரியில் படித்துக் கடல் கடந்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1943இல் விண்மீன் கொத்துகளின் இயக்கத்தைக் கணக்கிட்டார். கொத்துக்குள் விண்மீன்கள் ஒன்றையொன்று ஓயாமல் இழுக்கின்றன. அந்த இழுபறியில் சிலவற்றின் வேகம் குறையும். சிலவற்றின் வேகம் கூடும். போதுமான வேகம் பெற்றவை கொத்தைவிட்டே தப்பிவிடும். அப்படித் தப்பும் வீதத்தை அவர் காட்டினார். பெரிய கோளகக் கொத்துகள் மெல்லக் கரைந்தும் ஆயிரம் கோடி ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது இந்த வழியில் விளங்கிற்று.

ஆர்க்கானில் கோள் இருக்குமா?

ஷேரும் டார்ல்டனும் தேர்ந்தெடுத்த எம்-13 கற்பனைக்கு அருமையான இடம். கொத்தின் நடுவே ஒரு கோள் இருந்தால், அதன் இரவு வானம் நம் வானத்தில் உள்ள எந்த விண்மீனையும்விடப் பிரகாசமான ஆயிரக்கணக்கான விண்மீன்களால் நிறைந்திருக்கும். இருட்டு என்பதே அங்கே அரிது.

ஆனால் அங்குள்ள விண்மீன்களின் வயது ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டு. அவை பிறந்தபோது பிரபஞ்சத்தில் இரும்பு, சிலிக்கான் போன்ற தனிமங்கள் மிகக் குறைவு. சூரியனில் உள்ள இரும்பில் முப்பதில் ஒரு பங்கு அளவே அவற்றில் இருக்கிறது. பாறைக் கோள் உருவாகத் தேவையான பொருள் அங்கே பற்றாக்குறை. நெருக்கமும் ஆபத்து, கிட்டே கடந்துபோகும் விண்மீன் ஒரு கோளின் பாதையைக் குலைத்துவிடும். 47 டுக்கானே என்ற வேறொரு கோளகக் கொத்தில் ஹபிள் தொலைநோக்கி 34,000 விண்மீன்களைக் கண்காணித்தது. சூரியனுக்கு அருகில் உள்ள விண்மீன்களைப் போல அவை இருந்தால் 17 பெருங்கோள்களாவது அகப்பட வேண்டும். ஒன்றும் அகப்படவில்லை. இருந்தும் எம்-4 என்ற கொத்தில், இறந்துபோன இரண்டு விண்மீன்களைச் சுற்றும் ஒரு கோள் இருப்பது 2003இல் உறுதியானது. கதவு இன்னும் முழுதாக மூடவில்லை.

அறிவியல் இப்படிக் கதையைத் திருத்தும்போது கதையின் மதிப்பு குறைவதாக நான் நினைக்கவில்லை. எம்-13 என்ற எண்ணை மனத்தில் தங்கும் ஓர் ஊராக ஆக்கிக் கொடுத்தது கதைதான். ஊர் என்று ஆன பிறகே அங்கே கோள் உண்டா, இரவு உண்டா, மண் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

நமக்கு ஒரு தொடர்

பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ராக்கெட் ஏறும்போது நம் கடற்கரையிலிருந்தே வடக்கு வானில் அதன் தீச்சுவடு தெரியும். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 அங்கிருந்துதான் கிளம்பியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். இரும்பை உருக்கவும் வெட்டவும் பற்றவைக்கவும் தெரிந்த கைகள் எண்ணூர் நெடுஞ்சாலை நெடுக ஷிப்டு மாறி ஷிப்டு வேலை செய்கின்றன. கடலோடிகள் விண்மீனைப் பார்த்து வழி அறிந்த கரை இது. விண்வெளிப் பெருங்கதைக்கு வேண்டிய மனிதர்களும் தொழில்களும் நம்மிடம் உண்டு. தொடர்கதையை வளர்த்த பத்திரிகை மரபும் இருக்கிறது. சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் எதிர்காலத்தை வாரத்தொடராக்கிக் காட்டினார். அது ஒருவர் எழுதி முடித்த கதை.

நமக்கு வேண்டியது பலர் சேர்ந்து எழுதும், முடிவு வைக்காத ஒரு தமிழ்த் தொடர். வானியல் தெரிந்த ஆசிரியர்களும் கப்பல் கட்டத் தெரிந்த தொழிலாளர்களும் அதன் கணக்குகளைச் சரிபார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் கலங்களின் உட்புறத்தை வரைந்து அனுப்ப வேண்டும். புதிய ஆய்வு வந்தால் கதை தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். இன்று அதைப் படிக்கும் ஒரு சிறுமி இருபது ஆண்டு கழித்து எழுதுபவராக உள்ளே வர வேண்டும். முதல் இதழை எழுதுபவர், கடைசி இதழைத் தான் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே பேனாவை எடுக்க வேண்டும். விண்மீன்களுக்குப் போகும் வேலை எப்படியும் அந்த மனநிலையில்தான் நடக்கப்போகிறது. அதைப் பழகிக்கொள்ள வாரம் ஒரு கதையைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.